புரோட்டீன் டப்பா வாங்கும் முன் ஒரு கணக்கு: சைவச் சாப்பாட்டில் உடம்பு ஏற்ற, மும்பை வாசகர்களுக்குக் கேள்வி-பதில்

கேள்வி: வயது 27, எடை 62 கிலோ, செம்பூரில் வீடு. முட்டைகூடத் தொடாத குடும்பம். மூன்று மாதமாக ஜிம் போகிறேன், உடம்பு ஏறவில்லை. 2 கிலோ வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) டப்பா வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் டிரெயினர். விலை 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதே வேண்டாம். முதலில் ஒரு நாள் சாப்பாட்டை அளந்து பாருங்கள். எடைப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் கூட்டினால் பெரும்பாலும் காசுதான் கூடும். உங்களுக்கு 62 × 1.6, அதாவது 99 கிராம்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது? நாலு இட்லிக்கு 8 கிராம், காலைச் சாம்பாருக்கு 3. மதியம் 100 கிராம் அரிசியை வடித்த சோற்றில் 7, சாம்பாரில் 4, பொரியலில் 2, ஒரு கிண்ணம் தயிரில் 5. சாயந்திரம் டீயிலும் காபியிலும் சேரும் பாலுக்கு 4. ராத்திரி மூன்று சப்பாத்தி 9, பருப்பு 6. கூட்டினால் 48. பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

சாம்பாரை நம்பித்தான் பல வீடுகளில் கணக்குத் தப்புகிறது. 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22 கிராம். அதை நாலு பேருக்குச் சாம்பாராக வைத்தால் நாள் முழுக்க ஆளுக்கு ஐந்தரை கிராம். கரண்டியை அடியில் விடாமல் மேலாக மொண்டு ஊற்றினால் அதுவும் தட்டுக்கு வராது. பருப்பைக் கெட்டியாகக் கடைந்து, உங்கள் பங்குக்கு வேகவைக்காத பருப்பு 30 கிராம் வரும்படி தனியாக எடுத்து வையுங்கள்.

மீதி 50 கிராமை இப்படி நிரப்பலாம்: சோயா சங்க்ஸ் 40 கிராம் (21), பால் 400 மில்லி (12), பொட்டுக்கடலை 40 கிராம் (8), வேர்க்கடலை 25 கிராம் (6). முன்பு கூட்டிய 48ஓடு சேர்த்தால் 95 வந்துவிடுகிறது. இன்னொரு கிண்ணம் தயிர் சேர்த்தால் முடிந்தது. புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். ஆனால் மொத்தத்தையும் ராத்திரிக்கு ஒதுக்காமல் நாலு வேளையாக, வேளைக்கு 20 முதல் 25 கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். மூன்று மாதத்தில் எடை மெஷின் நகரவே இல்லையென்றால் குறை புரதத்தில் மட்டும் இல்லை, மொத்தச் சாப்பாடே போதவில்லை. வாரம் 200 கிராம் அளவுக்கு ஏறினால் சரியான போக்கு. ஏறவில்லையா, தினம் 250 கலோரி கூட்டுங்கள்: இரண்டு சப்பாத்தி நெய் தடவி, ஒரு வாழைப்பழம். ஜிம்மில் தூக்கும் எடையையும் குறித்து வையுங்கள். முதல் மாதம் தூக்கிய அதே டம்பெல்லை மூன்றாம் மாதமும் தூக்கினால் எந்தப் பவுடரும் உதவாது.

கேள்வி: விலைக்கு எது லாபம்? கடையில் எல்லாமே ‘புரோட்டீன்’ என்றுதான் போட்டிருக்கிறான்.

பதில்: பொருளின் விலையை விட்டுவிட்டு, ஒரு கிராம் புரதத்தின் விலையைப் பாருங்கள். பாக்கெட் விலையை, அந்தப் பாக்கெட்டில் உள்ள மொத்தப் புரத கிராமால் வகுத்தால் வருவதுதான் அது. கணக்குக்காகச் சில விலைகளை வைத்துப் போட்டுக் காட்டுகிறோம், உங்கள் கிரானா கடை விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

சோயா சங்க்ஸ் கிலோ 160 ரூபாய் என்றால் அதில் 520 கிராம் புரதம், கிராமுக்கு 31 பைசா. துவரம்பருப்பு கிலோ 160 என்றால் 73 பைசா. வேர்க்கடலை கிலோ 180 என்றால் 72 பைசா. டோன்டு பால் லிட்டர் 56 என்றால் கிட்டத்தட்ட 1 ரூபாய் 80 பைசா. பனீர் கிலோ 450 என்றால் 2 ரூபாய் 40 பைசா. 33 கிராம் ஸ்கூப்பில் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) 24 கிராம் புரதம் உள்ள வே, கிலோ 2,400 என்றால் 3 ரூபாய் 30 பைசா.

வேர்க்கடலை மலிவுதான், ஆனால் 100 கிராமில் 25 கிராம் புரதத்தோடு 567 கலோரி வருகிறது. பீனட் பட்டரும் அப்படியே. அது எண்ணெய் உணவு. எடை ஏற்ற உதவும், புரதக் கணக்கை அதை வைத்து முடிக்க முடியாது. ‘ஹை புரோட்டீன்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி, 100 கிராம் திடப்பொருளில் அன்றாடத் தேவையின் 20 சதவீதம், அதாவது ஏறக்குறைய 11 கிராம் இருந்தாலே அந்தச் சொல்லைப் போடலாம். சாதாரணக் கோதுமை மாவிலேயே அந்த அளவு கிட்டத்தட்ட இருக்கிறது. அதே அளவுள்ள பிஸ்கட்டுக்கு மூன்று மடங்கு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: சோயா நாறுகிறது, வயிறு உப்புகிறது. ஆண்கள் சாப்பிட்டால் ஹார்மோன் கெடும் என்றும் சொல்கிறார்களே?

பதில்: நாற்றம் வருவது பிழியாததால்தான். 40 கிராம் சங்க்ஸைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழியுங்கள். முதலில் வெளிவரும் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கி நுரைத்திருக்கும். அது தெளிகிற வரைக்கும் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். அரைகுறையாகப் பிழிந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் மசாலாவை ஏறவிடாது, கடிக்கும்போது ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். பிழிந்ததைப் புளிப்பான தயிரில் கால் மணி நேரம் ஊறவைத்து வறுத்தால் வாசனை முழுசாகப் போகும். குருணையாக வருவதைப் பொடிமாஸ் செய்யலாம். உப்புசத்துக்கு, முதல் வாரம் 20 கிராமில் தொடங்குங்கள்.

ஹார்மோன் பயம் தேவையில்லை. ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010இலும் 2021இலும் வந்த முடிவுகள் இரண்டுமே, சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை என்றுதான் சொல்கின்றன. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரை உடம்பில் சேர்வதைச் சோயா குறைக்கும்.

கேள்வி: மாட்டுங்காவில் பாக்கெட் பனீர் 200 கிராம் 90 ரூபாய். பக்கத்து டெய்ரியில் லூஸ் பனீர் கிலோ 240க்கே கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஒரு கிலோ பனீருக்குக் கொழுப்பு நிறைந்த பால் ஐந்து லிட்டராவது வேண்டும். லிட்டர் 70 ரூபாய் என்றால் பாலுக்கே 350. மொத்தமாக வாங்குகிறவருக்குப் பால் மலிவாகக் கிடைக்கட்டும், எரிவாயு, ஆள்கூலி, கடை லாபம் எல்லாம் போக 240க்குப் பால் பனீர் விற்கக் கட்டாது. அந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் பால் பவுடரும் பாமாயிலும் சேர்த்த அனலாக், அதாவது பனீர் மாதிரி செய்த மாற்றுப் பொருள். அனலாக் விற்பது குற்றமில்லை. அதைப் பனீர் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். லேபிள் இல்லாத லூஸ் சரக்கில் அதைப் பிடிக்க வழியில்லை.

கலப்படம் பார்க்க வீட்டில் செய்யும் டிங்சர் அயோடின் சோதனை அரை உண்மைதான் சொல்லும். ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச் கலந்திருக்கிறது. நிறம் மாறாவிட்டால் ஸ்டார்ச் இல்லை என்று மட்டும்தான் பொருள். பாமாயிலை அயோடின் காட்டிக்கொடுக்காது.

வீட்டில் செய்வதே பத்திரம். ஒரு லிட்டர் டோன்டு பாலைப் பொங்கவிட்டு இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தண்ணீர் பச்சை கலந்து தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் பனீர் ரப்பராகும். 140, 150 கிராம் கிடைக்கும். பாலின் புரதத்தில் பெரும்பகுதி அதில் வந்துவிடும், கொழுப்பும் கடைப் பனீரைவிடக் குறைவு. வடிந்த தண்ணீரிலும் கொஞ்சம் புரதம் உண்டு, சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலை ஏழு மணி லோக்கல் பிடிக்கிறவன் நான். சமைக்க நேரமில்லை, டப்பாதான் வழி. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நேரமில்லாதவருக்கு வே நல்ல பொருள்தான், அதில் தப்பில்லை. லேபிளில் முதலில் தேட வேண்டியது பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். வே, சீஸ் செய்யும்போது பிரியும் நீரிலிருந்து வருவது. சீஸைத் திரிக்கும் ரென்னட் கன்றின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படலாம் என்பதால், கண்டிப்பான சைவர்கள் இதைக் கம்பெனியிடமே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து ஸ்கூப் கணக்கு. ஸ்கூப்பில் உள்ள புரதத்தை ஸ்கூப் எடையால் வகுங்கள். கான்சன்ட்ரேட் என்ற சாதாரண வகையில் 70 முதல் 80 சதவீதம், அதைவிடச் சுத்திகரித்த ஐசோலேட்டில் 90ஐ ஒட்டி வரும். பால் குடித்தால் வயிறு கலங்குகிறவர்களுக்கு மட்டும் ஐசோலேட்டின் கூடுதல் விலை நியாயம், அதில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) மிகக் குறைவு. மற்றவர்களுக்குக் கான்சன்ட்ரேட் போதும்.

இனிமேல்தான் ஏமாற்று வேலை. புரதத்தை ஆய்வகத்தில் நைட்ரஜனை வைத்துத்தான் அளக்கிறார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கொட்டினால் நைட்ரஜன் ஏறும், எண் ஏறும், தசைக்கு வேண்டியது ஏறாது. ஆகவே அமினோ அட்டவணையில், தசை வளரத் தூண்டும் அமினோ அமிலமான லியூசினைப் பாருங்கள். 24 கிராம் வே புரதத்தில் லியூசின் இரண்டரை கிராமை ஒட்டி இருக்க வேண்டும். அட்டவணையே இல்லாத டப்பாவையும், சேர்மானப் பட்டியலில் கிளைசின் இருக்கும் டப்பாவையும் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் உள்ள ஸ்டிக்கர் கட்டாயம். அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமத் தளமான ஃபாஸ்காஸில் போட்டுப் பாருங்கள். தீயில் எரித்துப் பார்ப்பது, தண்ணீரில் கரைத்துப் பார்ப்பது இதெல்லாம் ஒன்றையும் நிரூபிக்காது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டப்பாவின் உள் சீல் கிழிந்திருந்தது. திறந்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு ஸ்கூப்கூட எடுக்காதீர்கள். சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி, பார்சல் லேபிள் நாலையும் படம் எடுத்து, பில்லோடு விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். கலப்படச் சந்தேகம் என்றால் மகாராஷ்டிர உணவு மருந்து நிர்வாகத்துக்கு. அடுத்த முறை பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

கேள்வி: கிரியேட்டின், பி12 இரண்டும் சைவர்களுக்குத் தேவையா?

பதில்: கிரியேட்டின், தசைக்கு உடனடிச் சக்தி தரும் பொருள். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம். இறைச்சி சாப்பிடாதவர்கள் தசையில் இருப்பே குறைவு என்பதால் பலன் நன்றாகத் தெரியும். ஆலையில் செய்வது, சைவம்தான். பவுடராக வாங்குங்கள், கேப்சூல் மேலுறை ஜெலட்டினாக இருக்கலாம். முதல் இரண்டு வாரத்தில் ஏறும் ஒரு கிலோ தண்ணீர் எடை, தசை இல்லை. பி12க்கு ரத்தம் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் எடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியேட்டினையும் மேலே சொன்ன புரத அளவையும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.