வளையும் டெம்பரேச்சர் சென்சார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பேட்டரி பேக்குக்கு ஃபிளெக்ஸ் சென்சார் (வளையும் பிளாஸ்டிக் ஷீட்டில் செப்புத் தடம் பதித்தது) வடிவமைக்கிறோம். செப்புத் தடத்தையே நெளிநெளியாக வரைந்து வெப்பநிலையை அளக்கலாமா? வெப்பநிலை அளக்கும் சின்னப் பாகமான தெர்மிஸ்டர் தனியாக எதற்கு?

பதில்: அளக்கலாம். செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். ஆனால் 18 மைக்ரான் செப்பில் 0.1 மி.மீ. அகலத் தடம் போட்டால் மீட்டருக்குச் சுமார் 10 ஓம்தான் கிடைக்கும். 100 ஓம் வேண்டுமென்றால் 10 மீட்டர் நெளிக்க வேண்டும். இடைவெளியும் சேர்ந்து நாலரை சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் போய்விடும். ஒரு பரப்பின் சராசரி போதுமென்றால் இது நல்ல வழி. செல்லில் ஒரே ஒரு புள்ளியின் சூடு தெரிய வேண்டுமென்றால், சின்ன என்டிசி தெர்மிஸ்டரை (சூடு ஏறினால் மின்தடை குறையும் வகை) சாலிடர் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஷீட்டை வளைத்தாலே ரீடிங் மாறுகிறது. ஏன்?

பதில்: தடித்த அழிரப்பர் ஒன்றை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கும், நட்டநடுவில் ஒன்றும் ஆகாது. உங்கள் ஷீட்டிலும் இதேதான். 0.1 மி.மீ. ஷீட்டை 5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு 1 சதவீதம் இழுபடும். தடம் அங்கே இருந்தால் மின்தடை சுமார் 2 சதவீதம் கூடும். சூடு ஏறாமலேயே 5 டிகிரி ஏறியதாகக் காட்டும்!

அதனால் தடத்தின் மேலும் கீழும் ஒரே தடிப்பில் படலம் வையுங்கள், தடம் நடுவில் அமரும். அளக்கும் பகுதி வளைவில் வரவே கூடாது. தெர்மிஸ்டர் என்றால் பின்னால் ஸ்டிஃப்னர் (ஷீட் வளையாமல் தாங்கும் விறைப்பான தகடு) கட்டாயம். அப்புறம், வளைவு ஸ்டிஃப்னரின் விளிம்பிலேயே தொடங்கினால் தடம் அங்கேதான் அறும். சில மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கட்டும். திரும்பத் திரும்ப வளையும் இடத்துக்கு உருட்டிப் பதப்படுத்திய செப்புத்தகடு கேளுங்கள், மின்படிவுச் செம்பு சீக்கிரம் விரிசல் விடும்.

கேள்வி: சாலிடர் செய்ததும் ஷீட்டில் கொப்புளம் வருகிறது.

பதில்: ஈரம். ஷீட்டின் பிளாஸ்டிக்கான பாலிஇமைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாலிடரை உருக்கும் ஓவனில் அது ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும். ஒரு மழைக்காலத்தில் அவசரப்பட்டு உலர்த்தாமல் ஓட்டி, ஒரு முழு பேட்ச்சையே நான் இழந்திருக்கிறேன். 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி, ஆறியதும் தாமதிக்காமல் சாலிடர் செய்யுங்கள்.

கேள்வி: விலை குறைக்க பாலிஇமைடுக்குப் பதில் பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) படலம் போடலாமா?

பதில்: வெள்ளி மையில் அச்சடித்து, கடத்தும் பசையால் பாகங்களை ஒட்டுவதானால் சரி. வழக்கமான ரீஃப்ளோ (ஓவனில் சாலிடரை உருக்கி ஒட்டும் முறை) சூட்டை அது தாங்காது.

கேள்வி: செல்லில் ஒட்டிய பிறகு 3 டிகிரி குறைவாகக் காட்டுகிறது. சென்சார் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அதன் ஒரு பக்கம் செல்லைத் தொடுகிறது, மறுபக்கம் காற்றைத் தொடுகிறது; காட்டுவது இரண்டுக்கும் இடைப்பட்ட சூடு. முதுகில் மெல்லிய ஃபோம் ஒட்டுங்கள். தடங்களையும் உடனே மேலே தூக்காமல் செல்லின் மேலேயே கொஞ்ச தூரம் ஓட்டி வெளியே எடுங்கள், இல்லையென்றால் செம்பு வழியாகச் சூடு ஓடிவிடும். அடியில் காற்று சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். படலத்தின் தேன் நிறத்தினூடே குமிழி வெளிறித் தெரியும்.