கோவையில் இருப்பவர் பி.எம்.டபிள்யூ எம்2 வாங்கலாமா? ஓட்டும் ஆசைக்கு அது ஈடுகொடுக்குமா?

கார் ஓட்டுவதே பொழுதுபோக்கு, கோடியை ஒட்டிச் செலவழித்து எம்2 என்கிற இந்த ஸ்போர்ட்ஸ் காரை எடுத்தால் நம்ம ஊரில் அதை அனுபவிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மேனுவல் கியர் வண்டியாக எடுங்கள். 2023 மாடலில் ஆட்டோமேட்டிக் 4.1 விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும், மேனுவலுக்கு 4.3 ஆகும். அந்த 0.2 விநாடிக்காகக் கிளட்ச்சை விட்டுக்கொடுக்காதீர்கள். பின்சக்கரத்தால் ஓடுகிற, ஆறு சிலிண்டர் வைத்த, கையால் கியர் மாற்றுகிற புது வண்டி இன்று இந்தியாவில் எத்தனை கிடைக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சான் 2023 மாடல் மேனுவல் எடுத்தார். அதை இரண்டு நாள் நன்றாக ஓட்டியிருக்கிறேன். இன்ஜினைப் பற்றி நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை. 3 லிட்டர், இரட்டை டர்போ, 460 குதிரைத்திறன். 2024இல் அதை 480 ஆக்கிவிட்டார்கள். பிக்கப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாள் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய டிராக் அது. இலேசான சின்னக் கார்களுக்குத் தோதான இடம். எம்2வோ சுமார் 1,700 கிலோ, ஏறக்குறைய இரண்டு ஸ்விஃப்ட் எடை. மூன்றாவது கியரில் மிதித்தால் நேர்ப்பாதை முடிந்தே போகிறது. அடுத்த வளைவுக்குப் பிரேக் போடும்போதுதான் அந்த எடை தெரியும். மூக்கு அமுங்கி, நெஞ்சு பெல்ட்டில் போய் அழுந்தும். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. ஆனாலும் ஐந்தாறு சுற்று தொடர்ந்து விரட்டியதும் காந்தல் வாடை அடித்தது. ஒரு சுற்று மெதுவாக விட்டு ஆற வைத்தோம்.

எனக்கு மனசில் நின்றது வளைவை விட்டு வெளியே வரும் அந்த நொடிதான். இரண்டாவது கியர், ஸ்டியரிங் இன்னும் முழுக்க நேராகவில்லை, ஆக்சிலரேட்டரைக் கூட்டுகிறோம். பின்பக்கம் சட்டென்று பிய்த்துக்கொண்டு போவதில்லை. முதலில் இடுப்புக்குக் கீழே சீட் ஒரு விரற்கடை நகர்ந்த மாதிரி இருக்கும். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வண்டி தன்னால் நேராகிவிடும். டிராக்‌ஷன் கண்ட்ரோலை, அதாவது சக்கரம் வழுக்காமல் அடக்கும் வசதியை, பத்துப் படியாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், பழகப் பழக ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போகலாம். ஸ்டியரிங் துல்லியம்தான், ஆனால் ரோடு எப்படி இருக்கிறது என்பது கைக்குத் தெரிவதில்லை; எல்லாம் இடுப்பு வழியாகத்தான் தெரிகிறது. எனக்கு அது ஒரு குறைதான்.

இரண்டாம் நாள் வால்பாறை. ஆழியாறில் இருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் நிமிடத்துக்கு 2,650 சுற்றைத் தொடும்போதே 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுதாக வந்துவிடுவதால், இரண்டாவது கியரிலேயே மலை ஏறிவிடலாம். இன்ஜினில் பாதிக்குக்கூட அங்கே வேலையில்லை. வண்டியின் அகலம் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். எதிரே பஸ் இறங்கி வந்தபோது இடதுபக்கம் ஒதுங்க, மச்சான் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்து, "மெதுவா மாப்ள, கல்லு கெடக்குது" என்றார். அவர் பயம் நியாயம். பின் டயர் 285/30 ஆர்20. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே எட்டரை சென்டிமீட்டர் ரப்பர்தான். ஒரு குழி போதும். தவிர, வரையாடு ரோட்டுக்கு வருகிற மலை அது. அங்கே விரட்டாதீர்கள், விரட்டுவதற்குத்தான் செட்டிபாளையம் இருக்கிறது.

முன் டயர் 275/35 ஆர்19, அளவே வேறு. அதனால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்ட வழியில்லை. டிராக்குக்குப் போகிறவர் என்றால் பின் ஜோடிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு? பின்னால் இரண்டு பேர் உட்காரலாம், டிக்கி 390 லிட்டர், சாமான் தாராளமாகப் பிடிக்கும். ஊர்ப்பக்கத்து வேகத்தடைகளைக் கோணலாகத்தான் ஏற வேண்டும். ஒருமுறை அவசரத்தில் நேராக ஏறி அடிவயிற்றைத் தேய்த்துவிட்டேன், மச்சான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் கார்பன் பக்கெட் சீட். பார்க்க அழகு, ஆனால் இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு மேடு வைத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதிக்கும்போது இடதுகாலுக்கு அது இடிக்கும். அதைக் கேட்டு வாங்கும் முன் ஷோரூமில் உட்கார்ந்து, கிளட்ச்சை இருபது தடவை மிதித்துப் பாருங்கள். காந்திபுரம் சிக்னலில் மாலை ஆறு மணிக்கு அத்தனை தடவை மிதிக்க வேண்டி வரும்.