கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் போர்டு தெரியவில்லை என்று சொன்னதால் கண்ணாடிக் கடையில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 என்றார்கள். இந்த ஜூனில் மறுபடி பார்த்தால் மைனஸ் 2.25. எனக்கும் என் கணவருக்கும் கண்ணாடி உண்டு. "எந்நேரமும் போட்டுக்கொண்டே இருப்பதால்தான் பவர் ஏறுகிறது, பொம்பளப் பிள்ளைக்கு இப்பவே சோடாபுட்டியா?" என்று மாமியார் வருத்தப்படுகிறார். அதனால் பள்ளியில் மட்டும் போட்டுக்கொள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடு என்று சொல்லியிருக்கிறேன். செல்போனை அடியோடு நிறுத்திவிட்டோம். தினமும் கேரட் ஜூஸ், பொன்னாங்கண்ணிக் கீரை கொடுக்கிறேன். யூடியூபில் பார்த்துக் கண் பயிற்சியும் செய்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை டியூஷன். பவர் இறங்க இன்னும் என்ன செய்யலாம்? ஐந்து வயதில் ஒரு பையனும் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை.
- வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கண்ணாடியை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டிவிடுங்கள். மைனஸ் 2.25 என்றால் வெறுங்கண்ணுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. வீட்டில் கழற்றிவிடச் சொன்னால் என்ன செய்வாள்? டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்வாள், கண்ணை இடுக்கிப் பார்ப்பாள், அதுவும் முடியாவிட்டால் புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவாள். மலேசியாவில் ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே பவரைச் சற்றுக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. சரியான பவர் போட்டவர்களைவிட, குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் வேகமாக ஏறியிருந்தது.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகுதான் பவர் ஏறுகிறது என்பது அவர் கண்ணால் பார்த்தது. ஆனால் கண்ணாடி போடாமல் விட்டிருந்தாலும் ஏறித்தான் இருக்கும். காரணம், கண் வளர்கிறது. பிறக்கும்போது முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும் கண், பெரியவர்களாகும்போது 23, 24 மில்லிமீட்டரில் வந்து நிற்க வேண்டும். உங்கள் மகளைப்போல் மைனஸ் பவர் உள்ள கிட்டப்பார்வைப் பிள்ளைகளுக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பின்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரை பவர். வெளிச்சம் விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுவதால் தூரத்தில் இருப்பது மங்குகிறது. நீண்ட கண் மறுபடி சுருங்காது. அதனால்தான் "பவர் இறங்க என்ன செய்யலாம்" என்ற உங்கள் கேள்வியை "இனி ஏறும் வேகத்தை எப்படிக் குறைக்கலாம்" என்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். அதற்கு வழிகள் இருக்கின்றன.

கேரட்டும் கீரையும் கொடுங்கள், நல்லதுதான். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். அதற்கு இவை மருந்து. கண் நீள்வதை இவற்றால் நிறுத்த முடியாது. யூடியூப் கண் பயிற்சிக்கும் இதே பதில்தான். அந்த நேரத்தில் பிள்ளை தெருவில் ஓடி விளையாடினால் பலன் உண்டு.

இந்தப் பவர் உண்மையானதுதானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு முறையும் கடையில், மெஷினில் பார்த்ததாகத் தெரிகிறது. குழந்தைகளின் கண்ணுக்குள் இருக்கும் தசை சட்டென்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது மெஷின் இல்லாத மைனஸையும் சேர்த்துக் காட்டும். ஆகவே கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து போட்டு அந்தத் தசையைத் தளர்த்தியபின் பவர் பார்க்கச் சொல்லுங்கள். போட்டபின் வெயிலில் கண் கூசும், எழுத்து மங்கும். எந்த மருந்து என்பதைப் பொறுத்து ஒரு நாளோ சில நாட்களோ நீடிக்கும். பரீட்சை நேரத்தைத் தவிர்த்து ஒரு சனிக்கிழமை போங்கள். பழைய சீட்டு, பழைய கண்ணாடி இரண்டையும் எடுத்துப் போங்கள். கண்ணின் நீளத்தையும் அளந்து சொல்லக் கேளுங்கள், தொடாமலே சில நொடிகளில் அளந்துவிடும் கருவிகள் இருக்கின்றன. பவரைவிட அந்த மில்லிமீட்டர் கணக்குதான் அடுத்தடுத்த வருடங்களில் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். திருப்பூரிலிருந்து கோவை பக்கம்தானே? அங்கே அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

சரி, ஏன் வந்தது? அப்பா அம்மா இருவருக்கும் கிட்டப்பார்வை என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். நீங்கள் இருவரும் போட்டிருப்பது மைனஸா என்று எழுதவில்லை; மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் பரம்பரை மட்டும் காரணமாக இருந்தால் ஒரே தலைமுறையில் இத்தனை பிள்ளைகளுக்கு வந்திருக்காது. டெல்லியில் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் 100 பேரில் 13 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதற்குச் சுமார் பத்து வருடங்கள் முன்பு அதே நகரில் எடுத்த கணக்கில் ஏழு பேர்தான்.

செல்போன்தான் வில்லன் என்று எல்லோரும் சொல்கிறோம். தைவானிலும் சிங்கப்பூரிலும் ஸ்மார்ட்போன் என்று ஒன்று வருவதற்கு முன்பே பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் கண்ணாடி போட்டாகிவிட்டது. போன் நல்லது என்று சொல்ல வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் கண்ணைக் கட்டிப்போட்டு, பிள்ளையை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறது. இந்த இரண்டையும் டியூஷனும் செய்கிறது, சகோதரி. போனைப் பிடுங்கிவிட்டு இரண்டரை மணி நேரம் நோட்டுப் புத்தகத்தின்மேல் குனிய வைத்தால் கண்ணுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆறு, ஏழு வயது சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடந்தது. சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3 சதவீதம்தான். இதில் வேடிக்கை, சிட்னிப் பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகவே புத்தகம் படித்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில் இருந்தது: சிட்னியில் வாரத்துக்குப் பதினான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம். பகல் வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30 சதவீதம், வெளியே விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவானில் 2010 முதல் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கும் திட்டமே நடக்கிறது. நம் ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார்.

உங்கள் போனில் வெளிச்சத்தை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிப் பாருங்கள். ராத்திரி டியூப்லைட் போட்ட ஹாலில் சில நூறு லக்ஸ்கூட (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டாது. பகலில் வேப்பமரத்து நிழலில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும், மொட்டைமாடி வெயிலில் பல பத்தாயிரம் போகும். நிழலே போதும் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். நம் ஊர் மத்தியான வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டாம். காலையில் பள்ளிக்கு முன் அரை மணி, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு. தொப்பி போடலாம். விளையாடினாலும் சரி, திண்ணையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினாலும் சரி. சூரியனை நேராகப் பார்க்கச் சொல்லும் வைத்தியம் யாராவது சொன்னால் மட்டும் காதில் வாங்காதீர்கள், விழித்திரை பொசுங்கிவிடும்.

இதற்கு டியூஷனை ஆறு மணிக்குத் தள்ள வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு இரண்டரை மணி நேர டியூஷன் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் படிக்கும்போது முழங்கையை மேஜையில் ஊன்றி, மடக்கிய கையைக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்குக் கீழே முகம் போகக் கூடாது. படுத்துக்கொண்டு படிக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியே எதிர்வீட்டுத் தென்னை மரத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

இனி மகளுக்கான சிகிச்சை. வெளிவெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் கெட்டி. வந்தபின் ஏறுவதைக் குறைப்பதில் அவ்வளவு பலம் இல்லை. வருடத்துக்கு ஒரு பவர் என்பது வேகமான ஏற்றம், அதனால் மருத்துவர் வேறு ஏதாவது சேர்க்கலாம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஒன்று, அட்ரோபின் சொட்டு மருந்து, மிகவும் நீர்த்த அளவில். ராத்திரி படுக்கும்முன் ஒரு சொட்டு, சில வருடங்கள். இங்கே பெரும்பாலும் 0.01 சதவீதம் எழுதுகிறார்கள். ஹாங்காங்கில் மூன்று அளவுகளை ஒப்பிட்டபோது 0.05 சதவீதம்தான் நன்றாக வேலை செய்தது. 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 0.01 சதவீதத்தால் பலன் எதுவும் தெரியவில்லை. எந்த அளவு, ஏன் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே அட்ரோபின் கேட்டு வாங்காதீர்கள். அங்கே கிடைக்கும் 1 சதவீத மருந்தைப் போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் கண்மணி விரிந்தே கிடக்கும். பாட்டிலைச் சின்னவன் கைக்கு எட்டாமல் வையுங்கள், குடித்தால் விஷம். நிறுத்துவதும் மருத்துவர் சொல்கிறபடிதான், சட்டென நிறுத்தினால் சில பிள்ளைகளுக்கு வேகமாக ஏறும்.

இன்னொன்று, விசேஷக் கண்ணாடி. நடுவில் சாதாரணப் பவர், சுற்றிலும் கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி லென்ஸ்கள். ஹாங்காங்கில் இரண்டு வருடம் சோதித்ததில் ஏற்றம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு விலை, விழித்திருக்கும் நேரமெல்லாம் போட வேண்டும். கழற்றிக் கழற்றி வைக்கிற பிள்ளைக்கு வாங்கினால் காசு தண்டம். ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கும் காண்டாக்ட் லென்ஸும் உண்டு. பலன் தரும், ஆனால் சுத்தம் தவறினால் கருவிழியில் கிருமித் தொற்று வரும் என்பதால் எட்டு வயதில் நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். சிவப்பு வெளிச்சத்தை உற்றுப் பார்க்கும் கருவிகள் ஆன்லைனில் வருகின்றன. அவற்றால் விழித்திரை பாதித்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, வேண்டாம். கடையில் "புளூ கட் (நீல வெளிச்சத்தை வடிகட்டும் லென்ஸ்) போட்டால் பவர் ஏறாது" என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் காசில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், மூக்கில் வழுக்காத ஃப்ரேம் வாங்குங்கள்.

இத்தனை மெனக்கெடுவது சோடாபுட்டி ஆகிவிடுமே என்பதற்காக அல்ல. கண்ணாடி அழகைக் கெடுக்கிறதா என்று கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டை இருபது வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். மைனஸ் 6-ஐத் தாண்டினால் விழித்திரை மெலிந்து கிழிவது, கழன்று வருவது, கண் நீர் அழுத்தம் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. பிற்காலத்தில் லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட்டாலும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும், அந்த ஆபத்தும் கூடவே இருக்கும். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிகிறது, திடீரெனக் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைக்கிறது என்று அவள் எப்போது சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனை. அப்புறம், அலர்ஜியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் அதற்கும் மருந்து கேளுங்கள். கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பி, சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) எகிறும் பிள்ளைகளும் உண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை போதும். போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். கடிதத்தின் கடைசி வரியில் அவனை விட்டுவிட்டீர்கள், எனக்கு அவனைப் பற்றித்தான் அதிக யோசனை. வெளிவெளிச்சம் முழுப் பலன் தருவது இன்னும் கண்ணாடி போடாத இவனுக்குத்தான். அவனுக்கும் சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்த்து எண்ணை எழுதி வாங்குங்கள். இந்த வயதில் கண்ணில் கொஞ்சம் பிளஸ், அதாவது மைனஸுக்கு எதிர்ப்பக்கப் பவர், கையிருப்பாக இருக்க வேண்டும், வளர வளர அது செலவாகும். ஆறு வயதில் பிளஸ் 0.75-க்கும் குறைவாக இருந்தால், இன்று நன்றாகத் தெரிந்தாலும் சில வருடங்களில் மைனஸ் பக்கம் போகும் வாய்ப்பு அதிகம். அப்படி வந்தால் அடுத்த வருடம் அவனை அக்காவோடு டியூஷனில் சேர்க்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.