‘குரூப்ல போட்டாச்சே’ என்றால் சொன்னதாகுமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமம். மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். வீட்டுக்காரர் கேரளாவில் வேலை பார்க்கிறார். டச் போன் அவரிடம்தான், என்னிடம் இருப்பது பட்டன் போன். பெற்றோர் கூட்டம், பரீட்சை தேதி எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறதாம். மகள் கணக்கில் ரொம்பப் பின்தங்கிவிட்டாள் என்பதே ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளியில் கேட்டால், “குரூப்ல போட்டோமேம்மா, பாக்கலையா?” என்கிறார்கள். ஊரில் ஒருவர், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் பள்ளிக் குழுவில் என்னை உறுப்பினராகச் சேர்த்துவிடுவதாகவும், உதவித்தொகைக்கு எழுதித் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசுவோம்.

உங்கள் கவலைக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது இவற்றோடு இன்னொன்றும் அதில் உண்டு. பெற்றோரையோ பாதுகாவலரையோ கூட்டி அவ்வப்போது கூட்டம் நடத்த வேண்டும். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறதா, கற்கும் திறன் எப்படி, படிப்பில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது, வேறு என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையெல்லாம் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். குரூப்பில் போடுவது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பது மாதிரி. கேட்டவருக்குக் கேட்டது, அவ்வளவுதான். உங்கள் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்பது மைக்கில் சொல்கிற விஷயமே இல்லை. ஒருவேளை அதையும் குரூப்பில்தான் பெயர் போட்டு எழுதினார்கள் என்றால், அப்படிச் செய்ய வேண்டாம் என்று கறாராகவே சொல்லுங்கள்.

ஆனால் 24ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகாதீர்கள். ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன், பெரும்பாலான இடங்களில் ஆசிரியருக்கு மனமில்லாமல் இல்லை. ஒரு பெற்றோர் கூட்டம் நடந்தால் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும், படம் ஏற்ற வேண்டும், தீர்மானம் ஏற்ற வேண்டும். அன்று மாலை நெட் கிடைக்காவிட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும். கணக்கு வராத ஒரு பிள்ளையின் அம்மாவோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார் என்றால் அதை ஏற்ற எந்தச் செயலியிலும் ஒரு கட்டம் கிடையாது. அப்புறம் எதற்கு மெனக்கெடுவார்? கூட்டம் நடந்ததைவிடக் கூட்டத்தின் படம் போய்ச் சேர்ந்ததுதான் முக்கியம் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். இதைப் பல கூட்டங்களில் எழுந்து சொல்லியும் பார்த்தாயிற்று. குறித்துக்கொள்கிறோம் என்பார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மகளின் பெயரில் ‘எமிஸ்’ பதிவு, அதாவது கல்வித்துறையின் கணினியில் மாணவர் விவரப் பதிவு, ஒன்று பள்ளியில் இருக்கும். அதில் உங்கள் வீட்டுக்காரர் எண் இருக்கலாம், அல்லது அவர் எப்போதோ தொலைத்த பழைய எண் இருக்கலாம். வகுப்பாசிரியரிடம் நேரில் போய், ஊரில் இருப்பது நான்தான், என் எண்ணைப் போடுங்கள் என்று கேளுங்கள். பட்டன் போனாக இருந்தாலும் குறுஞ்செய்தி வரும், கூப்பிட்டால் மணி அடிக்கும். எண்ணை மாற்றும்போது உங்கள் போனுக்கு ஏதாவது குறியீட்டு எண் (ஓடிபி) வந்தால் ஆசிரியருக்கு எதிரே நின்று சொல்லுங்கள். அந்த ஓடிபியைப் போனில் ஒருவர் கேட்டால், அவர் கல்வித்துறை என்று சொன்னாலும் கலெக்டர் ஆபீஸ் என்று சொன்னாலும் வைத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தப் படத்தை ஸ்கேன் செய்யுங்கள் என்று பெற்றோர்களுக்கு அழைப்பு வருகிறது. பிள்ளை பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதை நம்பி ஸ்கேன் செய்தால் கணக்கில் இருக்கும் பணம் போய்விடும். உங்கள் வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள், அந்த அழைப்பு அவருக்குத்தான் வரும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது, கூட்டத் தேதியை மகளின் வீட்டுப்பாட நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். குரூப் வருவதற்கு முன்னால் எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம். இப்போது கேட்டாலும் மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கணக்குக்கு வருகிறேன். ஆசிரியரைப் பார்க்கும்போது, “புள்ள எப்படி சார் படிக்குது?” என்று கேட்காதீர்கள். “பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்” என்றுதான் பதில் வரும். பருவ மதிப்பெண்ணில் 40 வகுப்பிலேயே செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும், 60 பருவக் கடைசியில் எழுதும் தேர்வுக்கும். பல பள்ளிகளில் அந்த 40ஐத் தாராளமாகவே போடுவார்கள். அதனால் 60க்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அந்த விடைத்தாளைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குப் புரிய வேண்டும் என்பதில்லை, எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். கழித்தல், வகுத்தலிலேயே தடுமாறுகிறாளா, இல்லை ஏழாம் வகுப்புப் பாடம் மட்டும்தான் புரியவில்லையா என்று ஆசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை அடிப்படை வராத பிள்ளைகளுக்குத் ‘திறன்’ என்று தனிப் பயிற்சி நடக்கிறது. அந்தப் பட்டியலில் இவள் இருக்கிறாளா என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இருப்பது கேவலம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் எட்டு வரை யாரையும் பெயிலாக்குவதில்லை. அது நல்லதுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை தேறிக்கொண்டே போவதால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, ஒன்பதாவதில் வேறு பள்ளிக்குப் போய் நின்ற பிறகுதான் எல்லாம் வெளியே வருகிறது.

இப்போது அந்த ஐந்நூறு ரூபாய்க்காரர். பள்ளி மேலாண்மைக் குழுவில் யாரையும் ‘சேர்த்துவிட’ அவரால் முடியாது. சட்டப்படி குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் தலைவரே ஒரு மாணவரின் தாய்தான். எல்லாப் பெற்றோரையும் கூட்டி வைத்து அங்கேயே தேர்ந்தெடுப்பார்கள், கட்டணம் ஏதும் கிடையாது. 2022இல் ஒருமுறை, 2024இல் ஒருமுறை மாற்றி அமைத்தார்கள். குழுவின் காலம் இரண்டு ஆண்டு. அடுத்த தேர்தல் தேதியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். பல ஊர்களில் நான் பார்த்தது, தலைவர் ஓர் அம்மாவாக இருப்பார், பேசுவதெல்லாம் அவர் வீட்டுக்காரரோ இப்படிப்பட்ட ஓர் ‘ஊர்ப் பெரியவரோ’ ஆக இருப்பார். கையெழுத்து வாங்க மட்டும் நோட்டு வீட்டுக்கு வரும். இவரும் அப்படி ஒரு கையெழுத்தைத்தான் உங்களிடம் தேடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். உறுப்பினராக இல்லாவிட்டாலும் குழு என்ன தீர்மானித்தது என்று பார்க்க உங்களுக்கு வழி உண்டு. குழு மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும், கூட்டக் குறிப்பு பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று 2010இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதியே சொல்கிறது. தீர்மான நோட்டைக் காட்டுங்கள் சார் என்று கேளுங்கள்.

உதவித்தொகையும் அப்படித்தான். ஏழாவது படிக்கும் பிள்ளைக்கு இப்போது கவனிக்க வேண்டியது தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. எட்டாவதில் எழுதுவது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும், நடுவில் ஆள் வேண்டியதே இல்லை. ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள் என்பதால் கணக்கைச் சரிசெய்ய இது இன்னொரு காரணம். வருமானச் சான்று கேட்டால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன்’ என்பவர்களும் உங்கள் ஊர்க்காரரும் ஒரே தொழில்தான்.

இன்னொரு வகை ஆட்கள் மே மாதத்தில் வருவார்கள். வேன் விடுகிறோம், முதல் வருடம் ஃபீஸ் பாதி, ஆங்கிலவழி என்று வீடு வீடாகப் பேசி ஏழாவது, எட்டாவது பிள்ளைகளை அரசுப் பள்ளியிலிருந்து கிளப்பிக்கொண்டு போவார்கள். பிள்ளை பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கிடைக்கும். கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் அந்த ஏழு வருடமும் அரசுப் பள்ளி வேண்டும். நடுவில் வேனில் ஏறியதால் இது போய்விடும் என்று அந்த ஆள் சொல்ல மாட்டார். பள்ளி சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்புச் சேர்க்கையன்றே ஒவ்வொரு பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது இது. எத்தனை பள்ளியில் சொல்கிறார்கள்? மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து நிற்கும்போது, “நல்லா யோசிச்சுக்கோங்கம்மா” என்பதோடு சரி.

உங்கள் பள்ளி ஒன்றியப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கத்தில் இருந்துகொண்டு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்து ஊர்க்காரர்கள் இதில்தான் அலைகிறார்கள். பலகையில் ‘அரசு கள்ளர்’ என்று தொடங்கினால் அது வேறு வழி. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்தபோது தொடங்கிய பள்ளிகள் அவை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருக்கின்றன. கல்வித்துறைக்குக் கீழே வராமல் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையோடு சேர்ந்து வளர்ந்தவை. ஒன்றியப் பள்ளியில் குறை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போகலாம். கள்ளர் பள்ளியில் குறை என்று அவரிடம் போனால், அது எங்களிடம் இல்லை என்பார். மதுரையில் இருக்கும் கள்ளர் சீரமைப்பு இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2023 நிதிநிலை அறிக்கையில் எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறைக்குக் கீழே கொண்டுவருவதாக அறிவித்தார்கள். இந்தப் பகுதியில் அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. நீங்கள் அந்தச் சர்ச்சைக்குள் போக வேண்டாம், பலகையைப் பாருங்கள், தலைமையாசிரியரின் முத்திரையைப் பாருங்கள், அதில் எந்தத் துறை இருக்கிறதோ அங்கே போங்கள். பெற்றோருக்குள்ள உரிமை இரண்டு பள்ளியிலும் ஒன்றுதான். தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு விதி கிடையாது, அது வேறு கதை.

கணவரும் நீங்களும் ஒரே சமயத்தில் வெளியூர் போக நேர்ந்து மகளை அப்பத்தா பார்த்துக்கொண்டாலும் பிரச்சினை இல்லை. பிள்ளையை வைத்துப் பராமரிப்பவரையும் சட்டம் பாதுகாவலர் என்றே சொல்கிறது. அவர் கூட்டத்துக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம். அப்பா வந்தால்தான் பேசுவேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

நேரில் பேசி இரண்டு மாதம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை என்றால் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் 14417க்குப் போன் செய்யுங்கள், பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் அது, பட்டன் போனிலிருந்தே பேசலாம். கடைசியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் அவர்களே 5 நாளில் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். ‘இந்தக் கல்வியாண்டில் நடந்த பெற்றோர் கூட்டத் தேதிகள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்கள்’ என்று இரண்டே விஷயம் கேளுங்கள். இதை எழுதித் தரவும் முந்நூறு, ஐந்நூறு வாங்குகிறவர்கள் உசிலம்பட்டியிலேயே இருக்கிறார்கள். உங்கள் மகள் ஏழாவது படிக்கிறாள் அல்லவா, நீங்கள் சொல்லச் சொல்ல அவளையே எழுதச் சொல்லுங்கள்.