ஹெல்மெட்டுக்குள் செருகிய போன்

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். என் கணவர் அறுவடை மெஷின் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பவர். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் போன் ஓயாது. ஆற்றங்கரை ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே பேசுகிறார். கேட்டால், "ஹெல்மெட்டுக்குள்ளதானே செருகியிருக்கேன், கை சும்மாத்தானே இருக்கு" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில் போய்விடுகிறது. பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர் எதிரே டிராக்டர் வந்தால் தானாகவே வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்கு ரோடு தெரியாது, பேசிக்கொண்டே இருப்பார். ஹெட்செட், புளூடூத் எதுவானாலும் இந்தக் குறை தீராது.

செருகிய போன் ஒரு காதை அடைக்கிறது, ஹாரன் சரியாகக் கேட்காது. ஹெல்மெட்டும் தலையில் சரியாகப் பொருந்தாது. போன் நழுவினால் யோசிக்கும் முன்பே இடது கை அதைப் பிடிக்கப் போய்விடும். இதைத்தான் அவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். இப்போதைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் இடது கை பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நிற்கும். அந்தக் கை போனில் இருந்தால் மிச்சம் வலது கை முன்பிரேக் மட்டும். உங்கள் ரோட்டில் அறுவடைக் காலத்தில் நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும். அதன் மேல் முன்சக்கரத்தை மட்டும் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், ஹேண்டில் கட்டுப்படாது. ஒரு பக்கம் வாய்க்கால், தடுப்புச்சுவரும் பல இடங்களில் கிடையாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. யார் கூப்பிடுவது என்று இரண்டு நொடி பார்த்தால் 22 மீட்டர் பார்க்காமலே கடந்தாயிற்று. பின்விளக்கு இல்லாத டிரெய்லர் இருட்டில் நிற்க அதுவே போதும்.

மன உறுதியை நம்ப வேண்டாம். கிளம்பும்போதே போனை 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அமைப்பில் போட்டு, சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அந்த அமைப்பில் திரும்பத் திரும்பக் கூப்பிடுபவரை அனுமதிக்கும் வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரக்காரர் இரண்டாம் முறை அடித்ததும் மணி அடிக்கும். தொழிலும் கெடக் கூடாது அல்லவா? வழியில் கொள்முதல் நிலையம், டீக்கடை, கோயில் வாசல் என்று நிறுத்தும் இடங்களை முன்பே முடிவுசெய்து, அங்கே ரோட்டை விட்டு இறங்கி நின்று எல்லோருக்கும் திருப்பிப் பேசட்டும். வளைவிலும் பாலத்து முனையிலும் மட்டும் நிறுத்தக் கூடாது.

போனைக் கையில் பிடித்து ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு.

அவர் பக்கம் மட்டும் திருத்தினால் போதாது. மெஷின் டிரைவர்கள், வழக்கமான விவசாயிகள், வீட்டில் நீங்கள் எல்லோரும், அவர் போனை எடுத்ததும் முதலில் "வண்டியில இருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மறுவார்த்தை பேசாமல் நீங்களே வைத்துவிடுங்கள்.