ஸ்ட்ரட் மேல் நட்டு இறுகாமல் சுற்றினால்

வணக்கம். ஸ்ட்ரட் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும், ஸ்பிரிங் பொருத்திய ஷாக் அப்சார்பர்) மாற்றியபின் பள்ளத்தில் இறங்கினால் உங்கள் பிக்கப்பில் ‘டக்’ என்று சத்தம் வருகிறது, ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள நடு நட்டை இறுக்கினால் அதன் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது என்கிறீர்கள். நட்டு தளர்ந்திருப்பதுதான் காரணமாக இருக்கும், வண்டியை ஓட்டாதீர்கள்.

சக்கரங்கள் தரையில் நிற்கட்டும். தண்டின் நுனியில் அறுகோணக் குழி இருந்தால் ஆலன் சாவியால் அசையாமல் பிடித்து, ரிங் ஸ்பேனரால் நட்டை இறுக்குங்கள். இம்பாக்ட் கன் (நட்டைத் தட்டித் தட்டி வேகமாகச் சுற்றும் கருவி) வேண்டாம். தண்டின் பளபளப்பான பகுதியைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து எண்ணெய் கசியும்.

நைலான் வளையமுள்ள நட்டு என்றால் புதிதாக வாங்கிப் போடுவதே நல்லது. ஆனால் ஸ்பிரிங்கை ஸ்பிரிங் கம்ப்ரசர் என்ற கருவியால் அழுத்திப் பிடிக்காமல் பழைய நட்டைக் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து! இறுக்க அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதன் பிறகும் சத்தம் வந்தால் மேல் மவுண்ட் ரப்பரை (ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டி உடலோடு இணைக்கும் பாகத்தின் ரப்பர்) பாருங்கள்.