பூனைக்கு எத்தனை ஜோடி கொலுசு?

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. ஐம்பது வரை மூச்சு விடாமல் சொல்கிறாள். ஆனால் "தாத்தாவுக்கு நாலு முறுக்கு கொடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போகிறாள். போன தீபாவளியும் அவளுக்கு 'நேத்து'தான். "நாளைக்கு ஊருக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டால் போதும், "நாளைக்கு வந்துடுச்சா?" என்று கேட்டே கொன்றுவிடுவாள். கதை என்றால் அவளுக்கு உயிர். எண்ணிக்கையையும் நேரத்தையும் கதையிலேயே சொல்லித்தர முடியுமா? அப்படிச் செய்தால் கதை பாடமாகிக் கெட்டுப்போகாதா? கடிகாரம் பார்க்க எப்போது சொல்லித்தரலாம்?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முறுக்கு விஷயத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. எண்களை வரிசையாக ஒப்பிப்பது வேறு, எண்ணி எடுப்பது வேறு. முதலாவதற்கு வாய் போதும். இரண்டாவதற்கு, எண்ணிக்கொண்டே போய் நான்கில் நிறுத்தத் தெரிய வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்றும் புரிய வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் 'ஒன்று' பிடிபடும். சில மாதம் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. அதைத் தாண்டியபின் பெரும்பாலும் மற்ற எண்களும் சேர்ந்தே வந்துவிடும். உங்கள் மகள் அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

கதை உதவுமா என்றால், நிச்சயம் உதவும். பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் செய்த ஒரு சோதனை பிரபலமானது. இரண்டு வரிசையில் சமமாகக் காய்களை அடுக்கிக் காட்டுவார்கள். பிறகு ஒரு வரிசையைப் பரப்பி வைத்து, "இப்போ எதில் அதிகம்?" என்று கேட்பார்கள். நாலைந்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீளமான வரிசையைக் காட்டுவார்கள். 1974இல் மெக்கேரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். பெரியவர் கை வைக்காமல், குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்து வரிசையைக் கலைத்துவிட்டது. இப்போது "ரெண்டும் சமம்தான்" என்று சரியாகச் சொன்ன பிள்ளைகள் மிக அதிகம். கரடி வந்ததும் அது பரீட்சையாக இல்லாமல் கதையாகிவிட்டது.

ஆனால் எண் வருகிற கதையெல்லாம் எண்ணிக்கையைக் கற்றுத்தராது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி என்கிறோமே, அந்த ஏழை எட்டாக்கிப் பாருங்கள். ராஜகுமாரனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எண் மாறினால் கதையே மாற வேண்டும். அப்போதுதான் பிள்ளை எண்ணிப் பார்க்கும்.

உங்கள் ஊர்ச் சரக்கிலேயே ஒன்று சொல்கிறேன். ஒரு பூனை செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு வாங்கப் போகிறது. கடைக்காரர் ஜோடியாகத்தான் தருவார். ஒரு ஜோடி வாங்கி முன்னங்காலில் மாட்டிக்கொண்டு நடந்தால் முன்னால் ஜல் ஜல், பின்னால் சத்தமே இல்லை. பூனைக்கு ஒரே அவமானம். "இன்னும் எத்தனை வாங்கணும்?" என்று கேட்டு நிறுத்திவிடுங்கள். அவளே பொம்மையின் காலைத் தொட்டுப் பார்ப்பாள். அடுத்து கோழி வரட்டும். அப்புறம் மூன்று காலோடு ஒரு நாய். இரண்டு ஜோடி வாங்கினால் ஒன்று மிஞ்சும், அதை யாருக்குக் கொடுப்பது? இந்த இடத்தில் பிள்ளைகள் சொல்லும் தீர்ப்புகளைக் கேட்க வேண்டுமே! கடைசியில் பாம்பை அனுப்புங்கள். கடைக்காரர் எத்தனை ஜோடி எடுத்து வைப்பார்? சைபரைப் புரியவைக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. தப்பாக எண்ணினால் திருத்தாதீர்கள். அவள் சொன்னபடியே பூனையை நடக்க விடுங்கள். ஏதாவது கால் சத்தம் போடாது, இல்லை கொலுசு மிஞ்சும், அவளே கண்டுபிடிப்பாள்.

ஏற்காடு போகும்போது இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எண் பலகை இருக்கும். பத்தாவது வளைவில் ஒரு குரங்கு பஸ்ஸில் ஏறியது, பதினாலில் மாமா வீடு, ஆனால் தூங்கிவிட்டது என்று ஆரம்பியுங்கள். எழுப்ப வேண்டிய பொறுப்பு அவளுடையது. இறங்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். வயிற்றைப் பிரட்டுகிற பிள்ளைக்கு "இன்னும் எத்தனை?" என்பது நிஜமான கேள்வி, பின்னோக்கி எண்ணுவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

இனி நேரம். போன தீபாவளி 'நேத்து' ஆவது இந்த வயதில் சகஜம். முடிந்துபோனது எல்லாமே அவளுக்கு நேற்றுதான். முதலில் எது, அப்புறம் எது என்ற வரிசைதான் இப்போது வேண்டும். அதற்குக் கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். "பாட்டி இட்லி ஊத்தினாங்க. அப்புறம் மாவு ஆட்டினாங்க. அப்புறம் அரிசி ஊறப் போட்டாங்க." நீங்கள் முடிப்பதற்குள் அவள் கத்துவாள். கத்தட்டும், சரியாகச் சொல்லும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள். மாவு பொங்க ஒரு ராத்திரி ஆகும் என்பதையும் அவள் கண்ணால் பார்க்கலாம்: படுக்கும் முன் பாத்திரத்தில் மாவு எவ்வளவு உயரம், காலையில் எவ்வளவு.

'நாளைக்கு' என்பதற்குப் பதில் 'ஒரு தூக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். ஊருக்குப் போக மூன்று நாள் இருந்தால் ஒரு கிண்ணத்தில் மூன்று புளியங்கொட்டை. தினமும் காலையில் எழுந்ததும் அவளே ஒன்றை எடுத்துவிட வேண்டும், கிண்ணம் காலியானால் கிளம்ப வேண்டியதுதான். மாம்பழ சீசனில் வைக்கோலில் பழுக்க வைக்கும் காய்க்கும் இதைச் செய்யலாம். ஆனால் பழம் நம் கணக்குப்படி பழுக்காது, அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயம் கொஞ்சம் கசக்கும். "அஞ்சு நிமிஷம் இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு அரை மணி கழித்துப் போகிறோம் பாருங்கள், பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம் என்றால் என்ன என்று கற்றுத்தருவது அதுதான். ஐந்து என்றால் ஐந்தாகவே இருக்கட்டும், முடியாவிட்டால் "குக்கர் மூணு விசில் அடிச்சதும் வரேன்" என்று சொல்லுங்கள்.

கடிகாரத்துக்கு அவசரம் இல்லை. ஆறு, ஏழு வயதில் ஆரம்பித்தால் போதும். மூன்று என்று எழுதியிருக்கும் இடத்தில் சின்ன முள் நின்றால் மூன்று மணி, பெரிய முள் நின்றால் பதினைந்து நிமிஷம். இது பெரியவர்களுக்குப் பழகிப்போன குழப்பம், பிள்ளைக்குப் புதுசு. வீட்டில் பழைய கடிகாரம் இருந்தால் பெரிய முள்ளைக் கழற்றிவிட்டு, மணி முள்ளோடு மட்டும் சில மாதம் மாட்டி வையுங்கள். 'நாலைத் தாண்டிடுச்சு', 'அஞ்சுக்குக் கிட்ட வந்துடுச்சு' என்ற அளவுக்குச் சொல்லத் தெரிந்தால் போதும்.

கதை கெட்டுப்போகுமா என்ற பயம் நியாயமானது. எல்லாக் கதையிலும் கணக்கைச் செருகினால் கட்டாயம் கெட்டுப்போகும். பூனைக் கதையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்க வைக்கும் கதையில் எண்ணே வேண்டாம். அந்த நேரத்தில் "எத்தனை ஜோடி?" என்று கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் உங்கள் பாடு.